ஈட்டியாட்டியின் கேடயம்

ஆக்ஸ்போர்டில் உள்ள மெர்ட்டன் கல்லூரியின் பதிவேட்டில் 1487ஆம் ஆண்டு ஹியூ சாண்டர் என்பவரைப் பற்றி லத்தீனில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. இவருக்கு முன்பிருந்த பெயர் ஷாக்ஸ்பியர். அது கீழான பெயராகக் கருதப்பட்டதால் மாற்றிவிட்டார் என்பது குறிப்பின் சாரம். உலகம் இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் பெயரை ஒருவர் சுமக்க வெட்கப்பட்டு இறக்கி வைத்திருக்கிறார்.

அதன்பின் 109 ஆண்டுகள் கழித்து, 1596 அக்டோபர் 20ஆம் தேதியிட்ட ஒரு வரைவு லண்டன் குலச்சின்னப் பதிவகத்தில் எழுதப்பட்டது. ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த, நாடகக்காரர் வில்லியமின் தகப்பனார் ஜான் ஷேக்ஸ்பியருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் குடும்பச் சின்னம் ஒன்றை வழங்கும் வரைவு அது. ஹியூ எந்தப் பெயருக்காகக் கூசினாரோ அந்தப் பெயரையே படமாக்கிக் கேடயத்தில் எழுதிவைத்தார்கள். கூசவைத்த பெயர் எப்படிக் குலப்பெருமை ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்கு ரோல்-பிளே விளையாட்டுக்காரர்கள்தான் காரணம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வைத்த விளையாட்டு வகை அது. ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதுவாகவே பேசி ஆடவேண்டும். அதன் 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி பிரபு குலத்துப் பாத்திரத்துக்குத் தொடக்கத்திலேயே நல்ல உடை, ஒரு முத்திரை மோதிரம், ஒரு வம்சாவளிச் சுருள், கொஞ்சம் பொற்காசு கிடைக்கும். மோதிரத்தில் என்ன செதுக்கியிருக்கிறது என்பதை ஆடுபவர்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். உடனே சிங்கமோ ஓநாயோ பறக்கும் நாகமோ வந்து உட்காரும்; அடியில் வீரம், மானம், மரணம் என்று லத்தீனில் ஒரு வாசகம் ஏறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். யாருடைய குடும்பத்துக்கும் பொருந்தும் என்பதுதான் அதில் உள்ள கோளாறு. பழைய காலத்துச் சின்னக்காரர்கள் பலர் வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். அவர்கள் முதலில் பெயரை உடைத்துப் பார்த்தார்கள்.

ஷேக்ஸ்பியர் என்ற பெயரை உடைப்பது எளிது. ஷேக் என்றால் ஆட்டுவது, உலுக்குவது. பழைய ஆங்கிலத்தில் ஆயுதத்தைச் சுழற்றிக் காட்டுவதற்கும் அந்தச் சொல் வழங்கியது. ஸ்பியர் என்றால் ஈட்டி. ஆங்கிலத்தில் வினையை முன்னே போட்டுப் பொருளைப் பின்னே ஒட்டிச் செய்யும் ஆள்பெயர்கள் ஒரு தனிக் கூட்டம். கட்பர்ஸ், பிக்பாக்கெட், டர்ன்கோட், கில்ஜாய் என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒன்றாவது மரியாதையான பெயரா? தமிழில் இந்த வேலையை 'இ' விகுதி செய்கிறது. முடிச்சவிழ்க்கி, ஊர்சுற்றி, கோள்சொல்லி, தலையாட்டி. இவற்றையும் யாரும் பெருமைக்காகச் சூட்டிக்கொள்வதில்லை. ஷேக்ஸ்பியரை அதே அச்சில் வார்த்தால் 'ஈட்டியாட்டி' என்று வரும். போருக்குப் போனவனையும் அப்படி அழைத்திருக்கலாம். தெருமுனையில் நின்று ஈட்டியை ஆட்டிச் சவடால் விட்டவனையும் அழைத்திருக்கலாம். எப்படியானாலும் அது ஊரார் வைத்த பட்டப்பெயர், தகப்பன் வைத்த பெயரன்று. மெர்ட்டன் கல்லூரிக்காரர் ஏன் கூசினார் என்பது தமிழ்க் காதுக்குச் சட்டென்று விளங்கும்.

பதிவேடுகளில் இந்தப் பெயர் தலைகாட்டும் விதமும் அவ்வளவு கௌரவமானதன்று. நமக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவு 1248ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குளஸ்டர்ஷயரில் கிளாப்டன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் சாக்ஸ்பியர் என்பவன் திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டான். பெயரும் வில்லியம்தான், ஊரும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கம்தான். ஆனால் நாடகக்காரரின் முன்னோனாக அவனை யாரும் நிறுவியதில்லை. நிறுவ ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. இதே அச்சில் வந்த வேறு பெயர்களும் உண்டு. கோலை ஆட்டுபவன் வாக்ஸ்டாஃப். ஈட்டியை முறிப்பவன் பிரேக்ஸ்பியர். அந்தப் பெயருடைய நிக்கோலஸ் 1154இல் நான்காம் ஏட்ரியன் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். போப்பாண்டவரான ஒரே ஆங்கிலேயர் இன்றுவரை அவர்தான். ஈட்டியை ஆட்டியவன் தூக்குமரத்துக்கும், முறித்தவன் வாத்திகனுக்கும் போயிருக்கிறார்கள்.

எழுத்து வடிவமோ ஒரு நிலையில் நின்றதே இல்லை. 1582இல் நாடகக்காரர் வில்லியமின் திருமணப் பிணைப் பத்திரத்தில் 'ஷாக்ஸ்பியர்' போன்ற ஓர் ஒலிப்பு. அதிலும் 'க்' வல்லொலி இருக்கவேண்டிய இடத்தில் அதன் மெல்லொலி. அவர் கைப்பட இட்டவையாக ஏற்கப்பட்ட கையெழுத்துகள் ஆறு. இன்று நாம் அச்சில் காணும் எழுத்துக்கூட்டல் அவற்றில் ஒன்றில்கூட இல்லை. அந்தக் கூட்டலை நிலைநிறுத்தியவர்கள் அச்சுக்காரர்கள். 1593இல் வெளிவந்த 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' நூலின் சமர்ப்பணத்தில் அது அழகாக அச்சேறியது. 1598 முதல் சில நாடகப் பதிப்புகளின் முகப்பில் ஷேக் என்பதற்கும் ஸ்பியர் என்பதற்கும் நடுவே ஒரு சிறு கோடும் போட்டார்கள். பெயரைக் கண்ணெதிரே பிளந்து காட்டும் கோடு அது. பொறாமைக்காரர்கள் அதற்கு முன்பே பிளந்துவிட்டார்கள்: 1592இல் ராபர்ட் கிரீன் பெயரில் வந்த சிறுநூல் ஒன்று ஈட்டியை எடுத்துவிட்டு அங்கே மேடைக்காட்சியை வைத்து, காட்சியை உலுக்குபவன் என்று கேலி செய்தது. நம் கணக்கில் 'மேடையாட்டி'.

இப்போது சின்னத்துக்கு வருவோம். ஜான் ஷேக்ஸ்பியர் கையுறை தைத்து விற்றவர். 1568இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் பெய்லிஃப், அதாவது நகரத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். சின்னம் கேட்கும் ஆசை அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது. பிறகு கடன் வந்தது, வழக்கு வந்தது, நகர்மன்றக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்தினார். ஏறத்தாழ இருபது ஆண்டு கிடப்பில் கிடந்த விண்ணப்பம் 1596இல் உயிர்பெற்றது என்றால், அதற்குள் மகன் லண்டனில் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார் என்பதே பொருள்.

கேடயம் பொன்னிறம். பார்ப்பவரின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு ஒரு கறுப்புப் பட்டை சரிகிறது. பட்டையின்மேல் பொன்னாலான ஈட்டி. முனை மட்டும் வெள்ளி. கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த வெள்ளை ராஜாளி ஒன்று இன்னோர் ஈட்டியைக் காலில் பிடித்து நிற்கிறது. இந்த மேல் பகுதிக்குத்தான் கிரெஸ்ட் என்று பெயர். சேவலின் கொண்டையைக் குறித்த லத்தீன் 'கிரிஸ்டா'விலிருந்து வந்த சொல், தலைக்கவசத்தின் உச்சியில் செருகிய உருவத்தைக் குறித்தது. முழுச் சின்னத்தையும் கிரெஸ்ட் என்று சொல்வது இன்று பரவலான வழக்கம். துறை அறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பறவை வேட்டைக்காரர் வழக்கில் ராஜாளி இறகைச் சிலிர்த்து உதறுவது ஒரு தனிச் செயல். உதறும் பறவை, பக்கத்தில் ஈட்டி: ஷேக், ஸ்பியர் இரண்டும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று படிப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு பிடித்திருக்கிறது.

நிறத் தேர்விலும் ஒரு விதி இருக்கிறது. பொன், வெள்ளி இரண்டும் உலோகம்; கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை முதலியவை வண்ணம். உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் கூடாது. போர்க்களத்துப் புழுதியில் தொலைவிலிருந்து பார்த்தாலும் யார் என்று தெரியவேண்டும் அல்லவா? ஈட்டி நேரே பொன் கேடயத்தில் கிடந்தால் மறைந்து போயிருக்கும். கறுப்புப் பட்டைமேல் அது பளிச்சென்று தெரிகிறது. கணினியில் கருநீலத்தின்மேல் கருஞ்சிவப்பு நாகத்தை வரைந்துவிட்டு ஏன் எடுப்பாக இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதில் உள்ளது.

இப்படிப் பெயரையே ஒலிக்கும் சின்னங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பேசும் சின்னங்கள்' என்பார்கள். ஸ்பெயினின் காஸ்டீல் அரசுக்குக் கோட்டை, லியோன் அரசுக்குச் சிங்கம். கோட்டை சரி, காஸ்டீல் என்ற பெயரிலேயே கோட்டை இருக்கிறது. லியோன் கதை வேறு. அந்த நகரத்தின் பெயர் சிங்கத்திலிருந்து வந்ததன்று. ரோமானியப் படையின் ஏழாம் லீஜியன் அங்கே பாளையமிறங்கியிருந்ததால் வந்த பெயர். லீஜியன் தேய்ந்து லியோன் ஆனபின், ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சிங்கம் கொடியில் ஏறியது. இன்று அந்தப் பெயரைக் கேட்பவர் யாரும் படையை நினைப்பதில்லை. சொல்லாராய்ச்சிக்காரன் நூறு பக்கம் எழுதினாலும் சிங்கத்தை இறக்க முடியாது. நம் பக்கத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது: கயல் பொறித்த பாண்டியன் மீனவன் ஆனான், வில் பொறித்த சேரன் வில்லவன் ஆனான், சின்னம் பெயரைத் தந்தது.

ஷேக்ஸ்பியர் குடும்பம் வரைந்ததும் ஒரு சொற்பிறப்பு விளக்கம்தான் என்பது என் துணிபு. ஈட்டியாட்டி என்ற பட்டப்பெயரில் கேலி ஆட்டத்தில் இருக்கிறது. கேடயத்தில் ஆட்டம் இல்லை. ஈட்டி மட்டும் பொன்னாகி அசையாமல் கிடக்கிறது. கேலி கழன்று விழுந்து ஆயுதம் மிஞ்சியது. கதையும் கூடவே எழுதப்பட்டது: முன்னோர் ஏழாம் ஹென்றி மன்னருக்கு வீரத்தோடும் விசுவாசத்தோடும் தொண்டு செய்து பரிசு பெற்றார்கள் என்கிறது வரைவு. ஜானின் தகப்பனார் ரிச்சர்டு, ஸ்னிட்டர்ஃபீல்டு கிராமத்தில் குத்தகைக்கு நிலம் உழுதவர். அந்தப் பரிசுக்கு வேறெங்கும் சான்று அகப்படவில்லை. 1596 வரைவில் பாட்டனாராக இருந்த வீரர் 1599 வரைவில் கொள்ளுப்பாட்டனார் ஆகிறார். ரோல்-பிளே பாத்திரத்துக்குப் பூர்வகதை எழுதுபவர்கள் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

சின்னம் சந்ததிக்காக வாங்குவது. வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் பதினோரு வயதில் இறந்து, 1596 ஆகஸ்ட் 11 அன்று அடக்கம் செய்யப்பட்டான். வரைவின் தேதிக்கு இரண்டு மாதங்கள் முன்பு.

அடுத்தது வாசகம், அதாவது மோட்டோ. இத்தாலியச் சொல், அதன் லத்தீன் மூலம் முணுமுணுப்பைக் குறித்தது. முணுமுணுப்பிலிருந்து பிறந்த சொல் கடைசியில் குலத்தின் முழக்கமாக உயர்ந்தது வேடிக்கைதான். ஷேக்ஸ்பியர் குடும்ப வரைவில் இருப்பது பழைய பிரெஞ்சில் மூன்று சொல். பொருள், 'உரிமையின்றி அல்ல'. எழுத்தர் முதலில் நடுவே ஒரு காற்புள்ளி இட்டுவிட்டார். அப்படியானால் பொருள் 'இல்லை, உரிமையின்றி' என்று தலைகீழாகி, விண்ணப்பத்தை நிராகரித்ததுபோல் ஆகிவிடும். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். காற்புள்ளி இல்லாமலும் அந்த வாசகம் எனக்குச் சரியாகப் படவில்லை. உரிமை இருக்கிறது என்று ஒருவர் கேடயத்திலேயே எழுதிக்கொண்டால், கேட்காதவனும் 'இருக்கிறதா?' என்று கேட்பான்.

கேட்டார்கள். 1599இல் பென் ஜான்சன் எழுதிய 'எவ்ரி மேன் அவுட் ஆஃப் ஹிஸ் ஹியூமர்' நாடகத்தில் சோலியார்டோ என்ற நாட்டுப்புறத்தான் காசு கொடுத்துச் சின்னம் வாங்குகிறான். அதில் தலையில்லாத காட்டுப்பன்றி. அவனுக்கு ஒருவர் யோசனை சொல்லும் வாசகத்தில் உரிமை இருக்கவேண்டிய இடத்தில் கடுகு இருக்கிறது. பன்றிக்கறிக்குக் கடுகுச் சாந்து தொட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம். ஜான்சன் யாரைக் குத்தினார் என்பதில் ஆய்வாளர் பலருக்கும் ஐயமில்லை. அந்த நாடகத்தை மேடையேற்றியதே ஷேக்ஸ்பியரின் குழுதான்.

கேலி 1602இல் குற்றச்சாட்டாக வந்தது. சின்னப் பதிவகத்தில் யார்க் ஹெரால்டு என்ற பதவியிலிருந்த சின்ன அலுவலர் ரால்ஃப் புரூக், தம் மேலதிகாரி வில்லியம் டெத்திக் தகுதியற்றவர்களுக்குச் சின்னம் வழங்கினார் என்று 23 பெயர்களைப் பட்டியலிட்டார். ஷேக்ஸ்பியர் நாலாவது. அந்தச் சர்ச்சையை ஒட்டிய ஓவியப் படி ஒன்றில் கேடயத்தின் கீழே 'ஷேக்ஸ்பியர், பிளேயர்' என்று எழுதியிருக்கிறது. பிளேயர் என்றால் நடிகன். புரவலர் இல்லாத நடிகனை நாடோடியாகக் கருதித் தண்டிக்க 1572ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்த காலம் அது. ஆகவே 'கூத்தாடி' என்று பெயர்த்தால்தான் சூடு தெரியும். அதுவும் 'இ' விகுதிதான். ஈட்டியாட்டியை மறைக்கக் கேடயம் வாங்கினால், கூத்தாடி என்று கீழே எழுதிவிட்டார்கள்.

இந்தச் சின்னம் மாலி பிரபுவின் சின்னத்தைப் போல இருக்கிறது என்பது இன்னொரு புகார். அவருடையதும் பொன் கேடயத்தில் கறுப்புப் பட்டை. டெத்திக்கும் வரலாற்றறிஞர் வில்லியம் கேம்டனும் தந்த விடை சுருக்கமானது. பட்டைமேல் ஈட்டி இருக்கிறதே, அந்த வேறுபாடு போதும். ஜானும் ஊரில் நீதிபதியாக இருந்தவர், நல்ல குடும்பத்தில் பெண்ணெடுத்தவர். வேறுபாடு போதுமா என்ற கேள்வி இன்றும் எழுகிறது. 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய படைப்பு அனாக்ரனிசச் சங்கத்தில் இடைக்காலப் பாத்திரம் ஏற்கும் உறுப்பினர்கள் தங்கள் பெயரையும் சின்னத்தையும் இன்றும் பதிவு செய்கிறார்கள். அங்குள்ள ஹெரால்டுகளும் இதைப் பார்க்கிறார்கள்: ஏற்கெனவே பதிவான சின்னத்திலிருந்து இது போதுமான அளவு விலகியிருக்கிறதா?

1605இல் ரிச்சர்டு வெர்ஸ்டகன் வெளியிட்ட தொன்மை ஆய்வு நூல், பிரேக்ஸ்பியர், ஷேக்ஸ்பியர் போன்றவை முதலில் சூடியவர்களின் வீரத்துக்காகவும் போர்ச்செயலுக்காகவும் கிடைத்த பெயர்கள் என்று விளக்கம் சொன்னது. 1487இல் இழிவு, 1605இல் வீரம். கேடயம் ஒன்றே இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். கவிதையும் அச்சும் புகழும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் ஈட்டியைப் பொன்னில் பார்த்தபின் அந்தப் பெயரை யாரும் பழையபடி கேட்கவில்லை.

பெயருக்குப் புதுப் பொருள் சூட்டுவது அதோடு நிற்கவுமில்லை. அரபு உலகில் 'ஷேக் சுபைர்' என்ற அரேபியர்தான் ஷேக்ஸ்பியர் என்று விளையாட்டாகப் பிறந்த பேச்சை ஈராக்கிய அறிஞர் சஃபா குலூசி பின்னர் ஆய்வாகவே எடுத்துப் பேசினார். தமிழில் 'க்ஸ்ப' என்ற மெய்க்கூட்டம் நாக்கில் நிற்காததால் செகப்பிரியர் என்று ஒரு வடிவம் பிறந்தது. செகம், பிரியர்: உலகின் அன்புக்குரியவர். ஈட்டியும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. நாலு நூற்றாண்டாக அந்தப் பெயருக்குச் சூட்டிய பொருள்களில் மிகக் கௌரவமானது இதுதான், பொய்யானதும்கூட.

சின்னம் படைப்பதை ஷேக்ஸ்பியர் கூலிக்கும் செய்திருக்கிறார். 1613 மார்ச் 24, முதலாம் ஜேம்ஸ் அரியணையேறிய நாள் விழாவில் பிரபுக்கள் குதிரையேறி ஈட்டிப்போர் ஆடினார்கள். அந்த விழாக்களில் பெயர் தெரியாத வீரனாகவும் துறவியாகவும் வேடம் புனைந்து வருவதும், படமும் வாசகமும் எழுதிய அட்டைக் கேடயத்தை நீட்டுவதும் வழக்கம். ரோல்-பிளே என்பதற்கு இதைவிடப் பழைய நல்ல சான்று தேடவேண்டியதில்லை. அந்தக் கேடயப் புதிருக்கு இம்ப்ரேசா என்று பெயர். ரட்லண்டு பிரபுவின் இம்ப்ரேசாவுக்காகத் திரு. ஷேக்ஸ்பியருக்கு 44 ஷில்லிங் பொன்னாகவும், அதை வரைந்து செய்ததற்காக நடிகர் ரிச்சர்டு பர்பேஜுக்கு இன்னொரு 44 ஷில்லிங்கும் கொடுத்ததாகப் பிரபுவின் கணக்குப் புத்தகம் பதிந்திருக்கிறது. அன்றைய கேடயங்களில் சில எவருக்கும் விளங்கவில்லை. விளங்கக் கூடாதென்றே செய்தார்களோ என்னவோ என்று ஹென்றி வாட்டன் ஒரு கடிதத்தில் சலித்துக்கொண்டார்.

இம்ப்ரேசாவுக்கு விதி வகுத்தவர் இத்தாலியரான பாவ்லோ ஜோவியோ. 1555இல் அச்சான அவர் நூலை 1585இல் சாமுவேல் டேனியல் ஆங்கிலத்தில் தந்தார். படம் உடல், வாசகம் உயிர் என்பது அவர் கணக்கு. நம் இலக்கணக்காரர்கள் மெய், உயிர் என்றிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்கவேண்டும். குறிசொல்பவளைக் கூப்பிட்டுத்தான் பொருள் கேட்கவேண்டும் என்ற இருட்டும் கூடாது, போகிறவன் வருகிறவனெல்லாம் புரிந்துகொள்ளும் வெட்டவெளியும் கூடாது. கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும். மனித உருவம் கூடாது. வாசகம் சுருக்கமாகவும், படைத்தவரின் தாய்மொழியல்லாத மொழியிலும் இருக்கவேண்டும். 'பெரிக்ளிஸ்' நாடகத்தில் ஆறு வீரர்கள் இப்படிக் கேடயம் ஏந்தி வரும் காட்சி உண்டு. அந்தப் பகுதி ஜார்ஜ் வில்கின்ஸின் கைவண்ணம் என்பவர்கள் இருக்கிறார்கள். யார் எழுதினாலும் வேலை அறிந்து எழுதியிருக்கிறார்கள். நாடு இழந்த பெரிக்ளிஸின் கேடயத்தில் பட்ட கிளை ஒன்று, நுனியில் மட்டும் பச்சை. வாசகம் நம்பிக்கையைச் சொல்கிறது. கிளை முக்கால்வாசி பேசிவிட்டதால் சொல்லுக்கு அதிக வேலை இல்லை.

ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்கே இது பின்னர் பிடிபட்டதுபோல் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் கவிஞரின் நினைவுச்சின்னத்தில் ஈட்டிக் கேடயம் இருக்கிறது, வாசகம் இல்லை. மகள் சூசன்னாவின் கல்லறைக் கல்லிலும் அப்படியே. பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையின்றி இறந்ததோடு நேர்வழி முடிந்தது. அதுவரை அந்த மூன்று பிரெஞ்சுச் சொற்களைக் குடும்பத்தில் யாரும் வரைவுக்கு வெளியே பயன்படுத்தியதற்கு அடையாளம் இல்லை.

ஆகவே பாத்திரம் படைப்பவர்களுக்கு என் சிபாரிசு இது. முதலில் பாத்திரத்தின் பெயரை உடைத்துப் பாருங்கள். அதில் கேலி ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கேலியையே பொன்னில் வரையுங்கள். நிறத்தில் உலோகமும் வண்ணமும் மாறி மாறி வரட்டும். வாசகத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எழுதியபின் உங்கள் ஆட்டக் கூட்டத்தில் வாய்த்துடுக்கு அதிகமுள்ளவரிடம் காட்டுங்கள். அவருக்கு அதில் கடுகு தூவ இடம் கிடைத்தால் வாசகத்தை விட்டுவிட்டுக் கேடயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.